எரியாத விளக்குக்கு வந்த பில்

மகனே,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. "இரண்டு மாதமாக எஸ்தரிடமிருந்து ஒரு வரி இல்லை. கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதற்கா இவ்வளவு கோபம்? கட்டியவன் கேட்கக்கூடாதா?" என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், நான் உன் மனைவிக்கு ரொம்ப இடம் கொடுத்துவிட்டேன் என்று எனக்கும் ஒரு வரி வைத்திருக்கிறாய். வழக்கமாக உன் உடம்பு எப்படி இருக்கிறது, தங்கவயல் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பேன். இன்றைக்கு அதைக் கேட்க எனக்கு மனம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்த எல்லாவற்றையும் எழுதப் போகிறேன். உன் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் எனக்கு என் மேலும் இருக்கிறது. அதனால் இடையில் நிறுத்தாமல் கடைசி வரை படி.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது நீ வீட்டுக்கு கரண்ட் இழுத்துக் கொடுத்தாய். முன்கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, பின்கட்டில் கிணற்றுக்குப் போகும் வழியில் ஒன்று, ஆக மூன்று பல்பு. ஆம்பூரில் நம் தெருவில் நம் வீட்டில்தான் முதலில் எரிந்தது. அன்றைக்கு நீ சுவிட்சைப் போட்டுப் போட்டு நிறுத்தியதைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள். மீட்டரை நடையில் சுவரோடு மாட்டினார்கள். முதல் மூன்று மாதமும் இரண்டு ரூபாயும் சில அணாவும்தான் வந்தது. நீ அனுப்பும் பணத்தில் அது ஒரு பாரமாகவே தெரியவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் எஸ்தரின் தம்பிக்குக் கல்யாணம் என்று நாங்கள் இருவரும் பேரணாம்பட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது அவளுக்கு மூன்றாவது மாதம். வீட்டுச் சாவியை, நமக்கு வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் துரைசாமியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நடைச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கேட்காமலே செய்திருக்கிறாரே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று நானே தெருவில் நாலு பேரிடம் சொன்னேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

அடுத்த பில் ஒன்பது ரூபாய். அதற்கு அடுத்ததும் ஒன்பதுக்குக் குறையவில்லை. மூன்று பல்புக்கு ஒன்பது ரூபாயா என்று மின்சாரக் கம்பெனி ஆபீசுக்கு ஓடினேன். அங்கே உட்கார்ந்திருந்த குமாஸ்தா பில்லைக் கையில்கூட வாங்கவில்லை. "மீட்டர் பொய் சொல்லாதும்மா. நீங்க பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போய்ட்றீங்க. வீட்ல இருக்கறவங்க பகல்லாம் லைட்டைப் போட்டுட்டு இருந்தா இன்னா ஆகும்? உங்க வீட்டைப் போய்ப் பாருங்க" என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். முப்பது குழந்தைகளைப் பிடித்து உட்கார வைக்கிற எனக்கு, அந்த ஒரு ஆளிடம் "நீ வந்து பார்" என்று சொல்ல வாய் வரவில்லை.

வாய் வராதது மட்டும் இல்லை. அவன் சொன்னதை நான் நம்பவும் செய்தேன். இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. என்னோடு ஒரே அடுப்பில் ஆக்கி, ஒரே தட்டில் கொட்டிச் சாப்பிடுகிற பெண்ணை விட, முகம் தெரியாத குமாஸ்தாவின் வார்த்தை எனக்குப் பெரிதாகிவிட்டது. எஸ்தர் பகலில் மிஷன் அம்மாக்களுக்கு லேஸ் பின்னிக் கொடுப்பாள் அல்லவா? அந்த மெல்லிய நூலுக்கு வெளிச்சம் வேண்டும், அதற்காக விளக்கைப் போட்டுக்கொள்கிறாள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக, அவள் அடுப்படியில் இருக்கும் சமயம் பார்த்து, முக்காலியில் ஏறி முன்கூடத்துப் பல்பைத் தொட்டுப் பார்ப்பேன், சூடாக இருக்கிறதா என்று. ஒரு நாளும் சூடாக இல்லை. ஆனாலும் தினம் தொட்டேன். ஒரு நாள் இறங்கும்போது திரும்பினால், எஸ்தர் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் லேஸ் பின்னுவதை வாசல்படிக்கு மாற்றிக்கொண்டாள், வெயில் முகத்தில் அடிக்க அடிக்க.

வீட்டுக்காரரும் தம் பங்குக்கு வந்தார். நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய தோல் கிடங்கு, உனக்குத் தெரியும். "இன்னா டீச்சரம்மா, கரண்ட் ஜாஸ்தி ஆவுதாமே? தெருவுல பேசிக்கறாங்க. சின்னப் பொண்ணுதானே, மருமகளைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்று வாசலில் நின்று, எஸ்தர் காதில் விழும்படி சொன்னார். தெருவில் பேசியதே அவர்தான் என்று பின்னால் தெரிந்தது. "பொம்பளைங்க ரெண்டு பேரும் ஊதாரிங்க" என்று கடைக்குக் கடை சொல்லி வைத்திருக்கிறார். அன்றைக்கு நான், "ஆமா சார், சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று பதில் சொன்னேன். அப்படித்தான் சொன்னேன், மகனே.

இந்த நிலைமையில்தான் இரண்டு பில்லையும் உனக்கு அனுப்பினேன். அதோடு, "எஸ்தரிடம் நீயே சொல்" என்று ஒரு வரியும் எழுதினேன். நெருப்பை வைத்தவள் நான். ஆனால் நீ எழுதிய பதில் இருக்கிறதே, அது உன்னுடையது. அதில் உன் கையெழுத்து இருக்கிறது, என்னுடையது இல்லை. "நான் இங்கே பூமிக்கடியில் வேலை செய்கிறவர்களின் கணக்கை எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறேன். நீ அங்கே மகாராணி மாதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறாய். இனி முன்கூடத்து விளக்கு மட்டும் எரியட்டும். மற்ற இரண்டு பல்பையும் அம்மா கழற்றி வைக்கட்டும்." இதை நீ அவளுக்குத் தனியாகக்கூட எழுதவில்லை. என் பேருக்கு வந்த கடிதத்தில், அவளுக்குப் படித்துக் காட்டச் சொல்லி எழுதினாய். நான் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "நான் பகல்ல ஒரு நாள்கூட போடலை அத்தை" என்றாள். அவ்வளவுதான். நான், "சரி, சரி" என்றேன். நம்பினவள் சொல்கிற "சரி" இல்லை அது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது மண்ணெண்ணெய் விளக்குதான். டின்னில் எண்ணெய் வேகமாகக் குறைகிறது என்று உன் அப்பா கவனித்தார். நீ ஒளிந்து கதைப் புத்தகம் படிக்கிறாய், அதற்கு எண்ணெயைக் கரைக்கிறாய் என்று புளியங்குச்சியால் உன் காலில் அடித்தார். "நான் இல்லப்பா" என்று நீ கத்தியது இன்னும் எனக்குக் கேட்கிறது. நாலு நாள் கழித்து டின்னை நகர்த்தினால், அடியில் துரு தின்ற சின்ன ஓட்டை. கீழே மண் கருத்து ஊறிக் கிடந்தது. அப்பா புது டின் வாங்கி வந்தார். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை. நீ ஒரு மாதம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அந்தக் காலோடு நடந்த நீ, அந்த வலி தெரிந்த நீ, எப்படி அந்தக் கடிதத்தை எழுதினாய்? என்னையும் அதையே கேட்டுக்கொள்கிறேன். அந்த டின்னை நகர்த்தியவள் நான்தானே.

நீ சொன்னபடி அடுப்படி பல்பையும் பின்கட்டு பல்பையும் நான் கழற்றினேன். பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். அதற்கு மூன்றாம் நாள் சாயங்காலம் மழை தூறியது. மணி ஏழுகூட ஆகியிருக்காது, ஆனால் மேகம் கவிந்து பின்கட்டு கருப்பாகக் கிடந்தது. எஸ்தர் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டச் சின்ன விளக்கை எடுத்துக்கொண்டு போனாள். காற்றில் விளக்கு அணைந்துவிட்டது. கிணற்றடிக் கல்லில் பாசி. நான் கூடத்தில், அந்த ஒற்றைப் பல்புக்கு அடியில், பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு ஓடினேன். இருட்டில் எங்கே கிடக்கிறாள் என்றே தெரியவில்லை. "எஸ்தர், எஸ்தர்" என்று கையால் துழாவினேன். "வயித்துல படலை அத்தை, வயித்துல படலை" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். அந்தக் கை மணிக்கட்டில் முறிந்து தொங்கியது.

ஆமாம். உன் மனைவி ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்டாயே, இதுதான் காரணம். எழுதுகிற கை மாவுக்கட்டில் இருந்தது. லேஸ் பின்னுகிற கையும் அதுதான்.

குதிரை வண்டி பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா குழாயை வயிற்றில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார்கள். "குழந்தை நல்லா இருக்கு. ஆனா பத்து நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்றார்கள். அந்தப் பத்து நாளும் நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தேன். உனக்குத் தந்தி கொடுக்கிறேன் என்றதற்கு அவள் ஒப்பவே இல்லை. "வேணாம் அத்தை. என் கை உடைஞ்சிருச்சேன்னு அவர் மனசு மாற வேணாம். நான் வீணாக்கலைன்னு தெரிஞ்சு மாறட்டும். அவரா ஏன்னு கேக்கற வரைக்கும் நீங்களும் எழுதாதீங்க" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதனால்தான் போன இரண்டு கடிதத்திலும் நான் மழையைப் பற்றி எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் நடையில் காற்று வரும் என்று அவள் கட்டிலை அங்கே போட்டேன். வேலை செய்ய முடியாது, பின்ன முடியாது. மல்லாந்து படுத்தால் எதிரே மீட்டர்தான். ஒரு சனிக்கிழமை காலையில் நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். "அத்தை, எங்கயாவது லைட் எரியுதா?" என்று கேட்டாள். "பகல்ல எதுக்கு எரியும்?" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே. "அப்போ இது ஏன் சுத்துது?" என்றாள். போய்ப் பார்த்தேன். மீட்டரின் கண்ணாடிக்குள் ஒரு சின்ன வட்டத் தகடு இருக்கிறது. அதில் ஒரு கருப்புப் புள்ளி. அந்தப் புள்ளி வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. முன்கூடத்து சுவிட்சைப் பார்த்தேன், நிறுத்தித்தான் இருக்கிறது. மற்ற இரண்டு பல்பும் பெட்டியில். வீட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை, தகடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"மெயினை நிறுத்திப் பாருங்க அத்தை" என்றாள். மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய சுவிட்சை இழுத்தேன். தகடு நின்றது. அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம், தோல் கிடங்கிலிருந்து ஒரு குரல்: "டேய், இன்னாடா லைட்டு போச்சு! ஒண்ணும் கண்ணு தெரியல!" நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மெயினைப் போட்டேன். "வந்துருச்சி, வந்துருச்சி" என்றது குரல். மறுபடி நிறுத்தினேன். "அட இன்னாய்யா இது பேஜாரு!" என்று கத்தினான். ஜன்னலே இல்லாத அந்தக் கிடங்கில் பகல் முழுக்க விளக்கைப் போட்டுத் தோலைத் தரம் பிரிக்கிறார்கள். அந்த வெளிச்சத்துக்கு நாம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த வெளிச்சத்துக்காகத்தான் நான் என் வீட்டுப் பின்கட்டை இருட்டாக்கினேன். எஸ்தர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "பாத்தீங்களா அத்தை" என்று மட்டும் சொன்னாள். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்துகொள்.

உடனே துரைசாமி வீட்டுக்குப் போய்ச் சண்டை போடத்தான் நான் கிளம்பினேன். அவள் தடுத்தாள். "இப்பப் போய்க் கேட்டா, ராவோட ராவா ஒயரை உருவிடுவாரு. அப்புறம் நாமதான் பொய் சொன்னோம்னு ஆவும்" என்றாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தை எடுத்து, இடது கையால், கோணல் மாணலாக, மீட்டரில் உள்ள எண்ணை எழுதத் தொடங்கினாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, கிடங்கு மூடியதும் ஒன்று. இப்படிப் பத்து நாள். கிடங்கு திறந்திருக்கும் பகலில் எல்லாம் எண் ஏறியது. கிடங்குக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு இழைகூட நகரவில்லை. முன்கூடத்து விளக்கு எரிகிற சாயங்கால நேரத்தில் ஏறியதோ கொஞ்சமே கொஞ்சம். ஐந்தாம் வகுப்பு வரை படித்த பெண், மகனே. கம்பெனியில் சம்பளம் வாங்குகிற ஒருவனுக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் எண் சொல்லிக்கொடுக்கிற எனக்கும் தோன்றவில்லை. கரண்ட்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிற உனக்கும் தோன்றவில்லை.

அடுத்த தெரு காதர் பாயைக் கூப்பிட்டேன். தோல் பதனிடும் ஷாப்பில் இன்ஜினும் ஒயரும் பார்க்கிறவர். அவர் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். அவர் ஸ்டூலில் ஏறி, புதுச் சுண்ணாம்பை ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் சுரண்டினார். உள்ளே இருந்து ஒயர் எட்டிப் பார்த்தது. "டீச்சரம்மா, மீட்டருக்கு அப்புறம் உங்க லைன்ல ஒரு ஒயரைச் சேர்த்து, சுவத்துல ஓட்டை போட்டு அந்தாண்ட கொண்டு போயிருக்கான். அது மேல சுண்ணாம்பு பூசியிருக்கான். இன்னா தைரியம்!" என்றார். துரைசாமியின் சொந்தக்காரர் ஷாப்பில்தான் அவருக்கு வேலை. "வந்து சொல்லுவீங்களா பாய்? உங்களுக்குக் கஷ்டம் வரும்" என்று கேட்டேன். "கண்ணால பாத்ததைச் சொல்றதுக்கு இன்னா பயம்? அந்தப் பொண்ணு கையைப் பாத்தப்புறம் நான் சும்மா இருந்தா என் வூட்ல சோறு போட மாட்டாங்க" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மூவரும் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். அதே குமாஸ்தா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கரண்ட் உங்க மீட்டர் வழியாத்தானே போச்சு? பில் உங்க பேர்லதான். அது உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள தகராறு. கம்பெனிக்குச் சம்பந்தம் இல்ல" என்றான். அன்றைக்கு என்னிடம் தலை குனிவு மிச்சம் இல்லை. "ஏன்யா, என் பைக்குள்ள கையை விட்டவனைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கேன். பை உன்னுதுதானேன்னு என்னையே கேக்கறியா? உங்க கம்பெனி ஒயரைத் திருடன் அறுத்து ஒட்டியிருக்கான், உனக்குச் சம்பந்தம் இல்லையா? என் வீட்டைப் போய்ப் பார்க்கச் சொன்னியே, பார்த்துட்டு வந்திருக்கேன். இப்ப நீ வந்து பாரு!" என்று கத்தினேன். உள்ளே இருந்து இன்ஜினீயர் எழுந்து வந்தார். எஸ்தர் இடது கையால் அந்தக் காலண்டர் தாளை நீட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வரியில் விரலை வைத்து, "இதை யார் எழுதினது?" என்றார். "நான்தான் சார்" என்றாள். அவர் மாவுக்கட்டைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல நானே வர்றேன்" என்றார். வந்தார்.

துரைசாமி முதலில், "எனக்குத் தெரியாது சார், ஒயர்மேன் தெரியாம இழுத்துட்டான்" என்றார். காதர் பாய் விடவில்லை. "தெரியாம இழுத்தவன் சுவத்தை ஓட்டை போட்டு, சுண்ணாம்பும் பூசி, ரெண்டு அறுபது வாட் பல்பும் மாட்டிட்டா போவான்?" என்றார். வேலைக்காரர்கள் எல்லாம் கிடங்கு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜினீயர் முன்னாலேயே ஒயரைத் துண்டித்தார்கள். கிடங்கு இருண்டது. எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. என் கண் எஸ்தருடைய கட்டுப் போட்ட கையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் துரைசாமி நம் வீட்டுக்கு வந்தார், பழக்கூடையோடு. "ரெண்டு மாசம் வாடகை வேணாம் டீச்சரம்மா. பெரிசு பண்ணாதீங்க" என்றார். ஒரு நிமிஷம் நான் ஆசைப்பட்டேன். எஸ்தர்தான் முந்திக்கொண்டாள். "வாடகை கொடுத்துடுறோம் சார். நீங்க எரிச்ச கரண்டுக்கு நீங்க கட்டுங்க, போதும். இன்னொண்ணு. பொம்பளைங்க ஊதாரின்னு கடைல எல்லாம் சொன்னீங்களே, அதே கடைல போய், இல்லைன்னு சொல்லுங்க." அவர் முகம் சுருங்கிவிட்டது. பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். கம்பெனி சொன்னதால் பணத்தைக் கட்டினார். கடைகளில் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிலுக்கு, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். திருடியவர் வீட்டில் இருக்கிறார், பறிகொடுத்த நாங்கள் சாமான் கட்டினோம். கோவிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இப்போது இருக்கிறோம். காதர் பாயை ஷாப்பில் ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். இன்ஜினைப் பார்க்க வேறு ஆள் கிடைக்காமல் எட்டாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள்.

பல்பைக் கழற்றச் சொன்ன அந்தக் கடிதத்தில் நீ கரண்ட் பில்லைக் குறைப்பது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். இப்போது நான் சொல்கிறேன், கேள். புது வீட்டுக்கு வந்த அன்றே எஸ்தர் எல்லா விளக்கையும் நிறுத்திவிட்டுத் தகடு நிற்கிறதா என்று பார்த்தாள். நின்ற பிறகுதான் பால் காய்ச்சினோம். வாரம் ஒரு நாள் எண்ணைக் குறித்து வைக்கிறோம். பில் வரும்போது திடுக்கிட ஒன்றும் இருக்காது. பல்பின் மேல் அடுப்புப் புகை படிந்தால் வெளிச்சம் பாதி போய்விடுகிறது. அதைத் துடைத்தால் பெரிய பல்பு வேண்டியதில்லை, இருபத்தைந்தே போதும். சுவருக்கு வெள்ளை அடித்தால் விளக்கு இன்னும் தூரம் எட்டுகிறது. ஆள் இல்லாத அறையில் எரிய விடுவதில்லை. ஆள் நடக்கிற வழியில் அணைப்பதும் இல்லை. இந்த மாதம் இரண்டு ரூபாய்க்கும் குறைவாக வந்தது, மூன்று விளக்கும் எரிந்தும். இத்தனையும் அவளுடைய யோசனை. நீ உன் இரண்டு பக்கத்தில், மீட்டரைப் பார் என்று ஒரு வரி எழுதவில்லை. மனுஷியைப் பார் என்றுதான் எழுதினாய். நானும் அதைத்தான் செய்தேன். பொருள் குறைந்தால் பொருள் போகிற வழியைப் பார்க்காமல், வீட்டில் யார் எதிர்த்துப் பேச மாட்டார்களோ அவர்கள் முகத்தைப் பார்க்கிற புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? படித்தவர்கள் என்று பேர் நமக்கு.

நாலு நாளைக்கு முன்னால்தான் கட்டைப் பிரித்தார்கள். விரல்கள் மடங்குகின்றன, ஆனால் ஊசியை இன்னும் பிடிக்க முடியவில்லை. பிடிக்க வருமா என்று டாக்டரம்மா உறுதியாகச் சொல்லவில்லை. உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். இந்த முறை படித்துக் காட்டவில்லை, கையில் கொடுத்தேன். படித்து, மடித்து, என்னிடமே திருப்பித் தந்தாள். தலைப்பிரசவத்துக்காக நேற்று பேரணாம்பட்டிலிருந்து அவள் அம்மா வந்து கூட்டிப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில், எல்லாரும் பார்க்க, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். ஐம்பது வயதில் ஒரு சின்னப் பெண்ணிடம் கேட்பது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். கேட்காமல் இருந்த நாட்கள்தான் கஷ்டமாக இருந்தன. "குழந்தையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவியாம்மா?" என்று கேட்டேன். என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பாக்கலாம் அத்தை" என்றாள். பஸ் போய்விட்டது.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போயிருப்பேன். கூடவே இருந்து, கீழே படுத்து, கால் பிடித்து, ஆபீசில் அவளுக்காகக் கத்திய எனக்கே கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான். உனக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. இதற்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. எனக்குப் பணம் அனுப்பாதே. லீவு கேள், கொடுக்காவிட்டால் கேட்காமல் கிளம்பு. ரயில் ஆம்பூரில் நிற்கும். இறங்கி வீட்டுப் பக்கம் திரும்பாதே, நான் கதவைத் திறக்க மாட்டேன். ஸ்டேஷன் வாசலிலேயே பேரணாம்பட்டு பஸ் நிற்கும். அதில் ஏறு.

உன் அம்மா